அச்சில் இல்லாத ரோல்பிளே விளையாட்டுகளில் எது மீண்டும் வர வேண்டும்?

இன்று அச்சில் இல்லாத பழைய மேசை ரோல்பிளே விளையாட்டுகளில் எவை மறுபதிப்புக்குத் தகுதியானவை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஒரு கதையைச் சேர்ந்து ஆடுவதுதான் ரோல்பிளே. இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் அவரவர் பள்ளி வயதில் ஆடிய விளையாட்டின் பெயரே பதிலாக வரும். அந்தப் பற்றில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மறுபதிப்பு என்பது பணமும் உழைப்பும் கேட்கிற காரியம் என்பதால், நான் வேறோர் அளவுகோலை வைத்துப் பதில் சொல்கிறேன்: அந்த விளையாட்டு கடைகளிலிருந்து மறைந்தபோது, வேறு எந்த விளையாட்டிலும் கிடைக்காத எது அதோடு சேர்ந்து மறைந்தது?

இப்படிக் கேட்பதற்குச் சட்டம் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு விளையாட்டின் ஆடுமுறையைப் பாதுகாப்பதில்லை. அந்த ஆடுமுறையை விளக்கும் வாசகங்களையும் ஓவியங்களையும் மட்டுமே பாதுகாக்கிறது. ஆகவே விதிகளைத் தம் சொந்தச் சொற்களில் திரும்ப எழுதி எவரும் வெளியிடலாம். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் பழைய பதிப்பை 2006இல் ‘ஆஸ்ரிக்’ என்ற பெயரில் இப்படித்தான் மீட்டெடுத்தார்கள். அதன் பிறகு இத்தகைய மறுஆக்கங்கள் ஏராளமாக வந்துவிட்டன. விதிகளில் உயிரை வைத்திருந்த விளையாட்டு எப்படியாவது பிழைத்துக்கொள்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. உலகத்தில் உயிரை வைத்திருந்த விளையாட்டுக்கு அந்த வழி இல்லை. அதன் ஊர்களும் இனங்களும் சொற்களும் ஓவியங்களும் உரிமையாளரின் இசைவில்லாமல் திரும்பி வர முடியாது.

முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு ‘ஜேம்ஸ் பாண்ட் 007’. அவலான் ஹில் நிறுவனத்தின் கிளையான விக்டரி கேம்ஸ் அதை 1983இல் வெளியிட்டது. வடிவமைத்தவர் ஜெரார்ட் கிறிஸ்டோபர் கிளூக். 1987இல் உரிமம் முடிந்ததும் அச்சும் நின்றது. நாற்பது ஆண்டுகள் கடந்தபின்னும் அந்த விதிநூலை எடுத்துப் படிக்கும்போது, அதில் தேவையில்லாத பக்கம் என்று ஒன்றைக் காட்டுவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

அதன் கணக்கு எளிமையானது. வண்டி ஓட்டுதல், சுடுதல், சீட்டாடுதல் என ஒவ்வொரு திறனுக்கும் கதாபாத்திரத்திடம் ஓர் அடிப்படை எண் இருக்கும். செய்யப்போகும் காரியம் எவ்வளவு எளிது என்பதைக் குறிக்கும் காரணியால் அதைப் பெருக்கினால் வெற்றிக்கான சதவீதம் கிடைத்துவிடும். சாதாரணமான காரியத்துக்குக் காரணி 5. அடிப்படை எண் 15 என்றால் 75 சதவீதம். காரணி 2 ஆகக் குறைந்தால் 30 சதவீதம். நூறு வரை காட்டும் பகடையில் எவ்வளவு குறைவாக விழுகிறதோ, வெற்றியின் தரம் அவ்வளவு உயரும். தரம் நான்கு படிகள் கொண்டது. ஆகவே ஒரே வீச்சில், காரியம் நடந்ததா என்பதோடு எவ்வளவு நேர்த்தியாக நடந்தது என்பதும் தெரிந்துவிடும்.

இதன் உச்சம் துரத்தல் காட்சி. வேறு விளையாட்டுகளில் இரண்டு கார்கள் ஒன்றையொன்று துரத்தினால், யாருடைய வேகம் அதிகம் என்று ஒப்பிட்டுவிட்டு முடித்துக்கொள்வார்கள். இங்கே ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இரு தரப்பும் அந்தக் காரணியைக் கொண்டு இறங்குமுக ஏலம் விடுகின்றன. மலைப்பாதையில் நீங்கள் தப்பி ஓடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 5 என்கிறீர்கள். துரத்துபவர் 4 என்கிறார். நீங்கள் 3 என்கிறீர்கள். அவர் தயங்குகிறார். குறைவாகக் கேட்டவருக்கு, அந்தச் சுற்றில் யார் முதலில் நகர்வது என்று தீர்மானிக்கும் உரிமை கிடைக்கும்; ஆனால் அந்தக் கடினத்திலேயே அவர் தன் வித்தையைச் செய்து காட்டவும் வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. ஏலம் அதைத் தாண்டி இறங்கினால் வண்டி கட்டுப்பாட்டை இழக்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். பகடையைத் தொடுவதற்கு முன்பே மேசையைச் சுற்றி இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை இந்த ஒரு விதியால் நான் பலமுறை கண்டிருக்கிறேன். எவ்வளவு துணிவு காட்டப் போகிறாய் என்ற கேள்வியை ஆடுபவரின் வாயாலேயே எண்ணாகச் சொல்லவைப்பதுதான் இதன் நுட்பம்.

பாண்ட் திரைப்படங்களை ஒட்டி அந்நிறுவனம் வெளியிட்ட சாகசப் பெட்டிகளும், அதாவது ஆடத் தயாராக எழுதப்பட்ட கதைகளும், கவனிக்கத்தக்கவை. திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு முடிவு தெரிந்திருக்கும் அல்லவா? அதனால் கதையின் முக்கியமான முடிச்சுகளை வேண்டுமென்றே மாற்றி எழுதினார்கள். படத்தை நம்பி நடப்பவர் அதனாலேயே மாட்டிக்கொள்வார். பாண்டின் எதிரி அமைப்பான ஸ்பெக்டரின் பெயரில் உரிமைச் சிக்கல் இருந்ததால், விளையாட்டில் டாரட் என்ற வேறோர் அமைப்பு அதன் இடத்தைப் பிடித்தது. இவ்வளவு இருந்தும் மறுபதிப்பு வேண்டியவற்றில் இதை நான் முதலில் வைக்கவில்லை. இதன் விதிகள் ‘கிளாசிஃபைடு’ என்ற பெயரில் பாண்டின் பெயர் இல்லாமல் மறுஆக்கம் பெற்றுவிட்டன. ஏலமும் தரப் படிகளும் அப்படியே கிடைக்கின்றன. திரைப்படத்தின் முத்திரை இல்லாவிட்டாலும் உளவாளிக் கதையை எவரும் ஆடலாம்.

டிஎஸ்ஆர் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ‘மார்வெல் சூப்பர் ஹீரோஸ்’ விளையாட்டும் இதே நிலையில்தான் இருக்கிறது. ஜெஃப் கிரப் வடிவமைத்த அந்த விளையாட்டில் எல்லாச் செயலுக்கும் ஒரே வண்ண அட்டவணைதான். வெள்ளை விழுந்தால் தோல்வி. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வெற்றி ஏறிக்கொண்டே போகும். அதன் அழகு அட்டவணையைவிடக் ‘கர்மா’ என்ற புள்ளிகளில்தான் அதிகம் இருக்கிறது. ஒருவரைக் காப்பாற்றினால் கர்மா கூடும். அதைச் செலவழித்துப் பகடையில் விழும் எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். கொடுத்த வாக்கின்படி வீட்டாரோடு போக வேண்டிய இடத்துக்குப் போனாலும் கர்மா உண்டு. வில்லனைத் துரத்திக்கொண்டு போய் அதைத் தவறவிட்டால் குறையும். ஓர் உயிரைக் கொன்றுவிட்டால் அதுவரை சேர்த்த கர்மா முழுவதும் போய்விடும். சூப்பர் ஹீரோ ஏன் கொல்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விதியை நான் வேறெங்கும் படித்ததில்லை. இந்த விதிகளும் ரசிகர்களின் மறுஆக்கமாகக் கிடைக்கின்றன. மார்வெல் 2023இல் முற்றிலும் வேறு விதிகளோடு புதிய விளையாட்டு ஒன்றை வெளியிட்டுவிட்டதால், பழையது அதிகாரபூர்வமாகத் திரும்புவதற்கு வழி இருப்பதாகவும் தோன்றவில்லை.

எரிக் வூசிக் 1991இல் தம்முடைய ஃபேஜ் பிரஸ் மூலம் வெளியிட்ட ‘ஆம்பர் டைஸ்லெஸ்’ பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பெயர் சொல்வதுபோலவே அதில் பகடை இல்லை. ராஜர் ஸெலாஸ்னியின் நாவல் வரிசையில் வரும் ஓர் அரச குடும்பத்தின் வாரிசுகளாக ஆடுபவர்கள் நடிக்கிறார்கள். ஆளுக்கு 100 புள்ளிகள் உண்டு. உளவலிமை, உடல்வலிமை, தாங்குதிறன், போர்த்திறன் ஆகிய நான்கும் ஒவ்வொன்றாக ஏலத்துக்கு வரும். ஏலத்தில் தோற்றவரும் தாம் கேட்ட புள்ளிகளைக் கட்டியே ஆக வேண்டும். போர்த்திறனில் 40 கேட்டு, 41 கேட்டவரிடம் தோற்றவர் தம் புள்ளிகளையும் இழந்து முதலிடத்தையும் இழந்து நிற்பார். பின்னால் அவர் ரகசியமாகப் புள்ளி சேர்த்துக்கொண்டாலும் முதலிடம் முதலிடம்தான், அது கைமாறாது. கதை இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் உடன்பிறந்தவர்களுக்கிடையே இருக்க வேண்டிய பொறாமையும் கசப்பும் ஆடுபவர்களிடம் உண்மையாகவே முளைத்துவிட்டிருக்கும். குடும்பப் பகையை நான்கு பக்கம் விவரித்து எழுதுவதற்குப் பதிலாக ஓர் ஏலத்தின் மூலம் வளர்த்துவிட்ட வூசிக்கின் யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. அவர் 2008இல் மறைந்தார். அவருடைய விதிமுறை 2013இல் ‘லார்ட்ஸ் ஆஃப் காசமர் அண்ட் ஷேடோ’ என்ற விளையாட்டில் வேறோர் உலகத்துக்கு இடம்பெயர்ந்தது. ஆம்பர் குடும்பம் மட்டும் வெளியே நின்றுவிட்டது.

வெஸ்ட் எண்ட் கேம்ஸ் 1987இல் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ்’ விளையாட்டைப் பலர் முதலிடத்தில் வைப்பார்கள். புதிய ஸ்டார் வார்ஸ் நாவல்களைத் தொடங்கிவைத்த டிமதி ஸானுக்குப் பின்னணித் தகவலாக அனுப்பப்பட்டவை இந்த விளையாட்டின் நூல்கள்தாம். திரையில் பெயரில்லாமல் வந்துபோன பல வேற்றுலக இனங்களுக்குப் பெயர் வைத்தவையும் அவைதாம். ஆனால் அதன் அடிப்படை நூல்கள் 2018இல் முப்பதாம் ஆண்டுப் பதிப்பாகத் திரும்ப அச்சாயின. அதை நான் மறுபிறவி கண்டவற்றின் கணக்கில் சேர்க்கிறேன்.

இவற்றையெல்லாம் ஒதுக்கிவைத்தால், என் பதில் ‘ஸ்கைரெல்ம்ஸ் ஆஃப் ஜோரூன்’. ஆண்ட்ரூ லீக்கர் உருவாக்கிய இந்த விளையாட்டு 1984இல் கலிஃபோர்னியாவில் சிறு வெளியீடாகத் தொடங்கியது. பலருக்கும் தெரியவந்தது அதற்கடுத்து வந்த பெட்டிப் பதிப்பு. 1992இல் செசெக்ஸ் நிறுவனம் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. 1994இல் ஒரு கணினி விளையாட்டும் வந்தது. அதன்பின் கடைகளில் ஜோரூன் இல்லை. பழைய பிரதிகள் கைமாறிக் கைமாறித்தான் கிடைக்கின்றன.

ஜோரூன் ஓர் அந்நியக் கிரகம். அதன் வானில் ஏழு நிலவுகள். அந்த மண்ணிலிருந்து பொங்கும் ‘ஈஷோ’ என்ற ஆற்றல் காற்றிலேயே கலந்திருக்கிறது. நிலவுகளுக்கேற்ப நிறம் பெறுகிறது. மழையையும் வெயிலையும் நாம் பார்ப்பதுபோல அங்கே ஈஷோவின் போக்கையும் பார்த்துத்தான் நடக்க வேண்டும். பூமியிலிருந்து குடியேறிய மனிதர்கள், தாய்க் கிரகத்தோடு தொடர்பு அறுந்து பசியில் வாடியபோது, அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஷாந்தாக்களுடன் செய்துகொண்ட உடன்படிக்கையை மீறி அவர்களுடைய நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். போர் மூண்டது. இரு தரப்பும் சிதைந்தன. ஆட்டம் தொடங்குவது அதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அந்தப் போர் ஏறத்தாழ மறந்துபோன காலத்தில். மனிதர்களே மூன்று வகையாகப் பிரிந்திருக்கிறார்கள். பூமியின் கரடியிலிருந்தும் ஓநாயிலிருந்தும் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட அறிவுள்ள இனங்கள் அவர்களோடு நகரங்களில் வாழ்கின்றன. வழக்கமான மாயாஜாலக் கதைகளில் வரும் எல்ஃபும் குள்ளனும் எங்கும் இல்லை. பழகிய எதையும் பற்றிக்கொள்ள முடியாத இந்த அந்நியத்தன்மையில்தான் புதிதாக வருபவர் தடுமாறுகிறார். அதைக் கடந்தவர் பிறகு ஜோரூனை விடுவதில்லை.

நான் இதை முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் நிலவுகளும் ஈஷோவும் மட்டுமல்ல. ஒரு ரோல்பிளே விளையாட்டில் கதாபாத்திரங்கள் ஏன் வீட்டைவிட்டு வெளியே கிளம்ப வேண்டும் என்பது எப்போதும் இருக்கும் சிக்கல். புதையல், பழிவாங்கல், மர்மமான கிழவர் கொடுக்கும் வரைபடம் என்று ஏதாவது ஒன்றை, ஆட்டத்தை நடத்துபவரான கேம் மாஸ்டர் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஜோரூனில் நீங்கள் ‘டாதர்’. அதாவது குடியுரிமை இல்லாதவர், அதை வேண்டி நிற்பவர். முழுக் குடியுரிமை பெற்றவர் ‘டிரென்’. டாதர் ஒருவர் டிரென் ஆக வேண்டுமானால், ‘சாலிஸ்க்’ என்ற ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே டிரென் ஆனவர்களிடம் கையொப்பம் வாங்கிச் சேர்க்க வேண்டும். எவரும் சும்மா கையொப்பம் இடுவதில்லை. ஒருவருக்கு அவருடைய சரக்கு பத்திரமாக ஊர் போய்ச் சேர வேண்டும். இன்னொருவர் காணாமல்போன உறவினரைத் தேடச் சொல்வார். மற்றொருவர் தம் எதிரிக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சொல்லலாம். சொன்னால் வேறு இரண்டு கையொப்பங்கள் கைநழுவிப் போகலாம்.

சாலிஸ்க் என்ற அந்த ஒரு தாள் எவ்வளவு வேலை செய்கிறது என்று பாருங்கள். கதை தானாக நகர்கிறது. ஊரில் யார் பெரியவர், யாருக்கு யாரோடு ஆகாது என்பதை ஆடுபவர்கள் பாடம்போலப் படிக்காமல், வாசல் வாசலாக ஏறி இறங்கித் தெரிந்துகொள்கிறார்கள். அதோடு, குடியுரிமைக்காக அலையும் இந்த மனிதன் யாருடைய மண்ணில் நின்று அதைக் கேட்கிறான் என்ற கேள்வியும் அடியில் இருந்துகொண்டே இருக்கிறது. ஷாந்தா ஒருவரை முதல்முறை சந்திக்கும்போது அது மேலே வந்துவிடும். இதை எந்த மறுஆக்கமும் மீட்டுத் தர முடியாது. சாலிஸ்க்கின் யோசனையை வேறோர் உலகத்துக்குக் கொண்டுபோகலாம். அந்த உடன்படிக்கையையும் அந்த மறதியையும் அந்த நிலவுகளையும் கொண்டுபோக முடியாது. மைல்ஸ் டீவ்ஸின் ஓவியங்களையும் கொண்டுபோக முடியாது. பின்னாளில் ஹாலிவுட் படங்களுக்கு உருவ வடிவமைப்பு செய்த அவருடைய கோடுகளைப் பார்த்துத்தான் அந்த உயிரினங்களின் நடையையும் எடையையும் நாம் கற்பனை செய்கிறோம்.

குறையையும் சொல்ல வேண்டும். ஜோரூனின் விதிகள் அதன் உலகத்துக்கு ஈடானவை அல்ல. சண்டை மெதுவாக நகரும். புதிய சொற்கள் முதல் பக்கத்திலிருந்தே வந்து குவியும். எனவே அப்படியே நகலெடுத்து அச்சிட்டால் பழைய ரசிகர்கள் மட்டும் வாங்குவார்கள். உலகத்தைப் பற்றிய எழுத்தையும் ஓவியங்களையும் தொடாமல், விதிகளை மட்டும் பாதியாகக் குறைத்துத் திரும்ப எழுதுவதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன்.

அந்நிய உலகம் என்றால் ‘எம்பயர் ஆஃப் த பெடல் த்ரோன்’ ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். அது 1975இல் டிஎஸ்ஆர் வெளியிட்டது. அதன் டெகுமெல் உலகத்தைப் படைத்த எம்.ஏ.ஆர். பார்க்கர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருதுவும் தெற்காசியவியலும் கற்பித்த பேராசிரியர். ஐரோப்பிய இடைக்காலத்தை விட்டுவிட்டு, இந்தியாவையும் நடு அமெரிக்காவையும் நினைவூட்டும் கோயில்களும் குலங்களும் கொண்ட ஓர் உலகத்தை, அதற்கென்று இலக்கணத்தோடு கூடிய மொழிகளையும் சேர்த்து, அவர் உருவாக்கினார். நம்மைப் போன்ற வாசகர்களுக்கு அதில் தனி ஈர்ப்பு இருந்தது இயல்பே. ஆனால் அவர் புனைபெயரில் நாஜி ஆதரவு நாவல் ஒன்றை எழுதி 1991இல் வெளியிட்டார் என்பதை, அவருடைய படைப்புகளைப் பேணும் டெகுமெல் அறக்கட்டளையே 2022இல் உறுதிப்படுத்தியது. அந்த உலகத்தை நேசித்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் செய்தி என்னை மிகவும் வருத்தியது. அதை மேசையில் வைத்து ஆடுபவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மறுபதிப்புக்கு உழைக்கக் கிடைப்பது சில கைகளே என்னும்போது, அவை ஜோரூனுக்குப் போவதையே விரும்புகிறேன்.

மறுபதிப்பை எப்படிச் செய்வது என்பதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கிரெக் ஸ்டாஃபோர்ட் 1989இல் எழுதிய ‘பிரின்ஸ் வேலியன்ட்’ விளையாட்டில் பகடைக்குப் பதில் நாணயங்களைச் சுண்டித் தலைகளை எண்ணுவார்கள். கதாபாத்திரத்துக்கு இரண்டே அடிப்படைப் பண்புகள். சின்னஞ்சிறிய அந்த நூல் நீண்ட காலம் அச்சில் இல்லாமல் கிடந்து, வாசகர்கள் முன்கூட்டியே கொடுத்த பணத்தில் 2018இல் திரும்பி வந்தது. அதில் ஸ்டாஃபோர்டின் விதிகளில் கைவைக்கவில்லை. மற்ற எழுத்தாளர்கள் எழுதிய புதிய கதை நிகழ்வுகளைத் தனி நூலாகச் சேர்த்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவர் காலமானார்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் போதாதா என்ற கேள்வியும் வரும். 2009 ஏப்ரலில் விஸர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ நூல்களின் பிடிஎஃப் விற்பனையை, பழைய நூல்கள் உட்பட, முழுவதுமாக நிறுத்தியது. அவை திரும்பக் கிடைத்தது 2013 ஜனவரியில்தான். இத்தனை புகழ்பெற்ற விளையாட்டுக்கே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கடை மூடியிருந்தது என்றால், ஜோரூன் போன்றவற்றுக்கு ஒரு விற்பனைத் தளத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. தாளில் அச்சான பிரதி, பலர் வீடுகளில் இருப்பதுதான் பாதுகாப்பு.

ஆகவே ஜோரூன் திரும்பி வந்தால் அந்தப் பெட்டியில் நான் தேடுவது இவைதாம்: பெட்டிப் பதிப்பின் உலக விவரணை திருத்தமில்லாமல் ஒரு நூலாக, டீவ்ஸின் ஓவியங்கள் முழுப்பக்க அளவில், முப்பது நாற்பது பக்கங்களுக்குள் அடங்கும் புதிய விதிநூல், புதிதாக வருபவர் பயப்படாமல் நுழைவதற்கு, ஒரே ஒரு நகரத் தெருவில் நடக்கும் முதல் சாகசம், ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் கெட்டித் தாளில் அச்சிட்ட, இன்னும் எவரும் கையொப்பம் இடாத ஒரு சாலிஸ்க்.